பின்சந்தில் வைத்த மொய்

ஐயா, இதை வகுப்புக்கு ஓடும் அவசரத்தில் படிக்காதே. சாப்பிட்டுவிட்டு, போனைத் தள்ளி வைத்துவிட்டு, நிதானமாக உட்கார்ந்து படி. போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நான் ஒன்று சொன்னால் நீ மூன்று கேட்பாய். நடுவில் உன் அப்பா வந்து டில்லியில் குளிர் எப்படி என்று விசாரிப்பார். சொல்ல வந்தது சொல்லாமலே போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன். இது உனக்கு மட்டுமான கடிதமும் இல்லை. உன்னோடு வேலை பார்க்கிறவர்களிடம் காட்டு, உன் மாணவர்களிடமும் காட்டு. அதற்காகவே என்னோடு வேலை பார்க்கிற பெண்களின் பெயர்களை இதில் மாற்றி எழுதியிருக்கிறேன்.

போன வாரம் பேசியபோது நீ சொன்னாய்: "ரெண்டு வருசக் கணக்கையும் போட்டுப் பாத்தாச்சும்மா. வித்தியாசமே இல்ல. பிள்ளை பாக்குற ரூம் இருக்குற யூனிட்லயும் பொம்பளைங்க வேலைக்கு வாராங்க, ரூம் இல்லாத யூனிட்லயும் அதே மாதிரிதான் வாராங்க." அடுத்த மாதம் இங்கே ராஜபாளையம் வந்து பேண்டேஜ் யூனிட் முதலாளிகளைக் கூட்டிவைத்து இதையே சொல்லப் போவதாகவும், பிறகு கட்டுரையாக வெளியிடப் போவதாகவும் சொன்னாய். குரல் வாடியிருந்தது. வந்த கணக்கை உள்ளபடி சொல்வதுதான் நியாயம் என்று நீயே உன்னைத் தேற்றிக்கொண்டாய். அன்று சரிப்பா என்று போனை வைத்துவிட்டேன். இப்போது சொல்கிறேன். உன் கணக்கு தப்பு. உன் கூட்டல் கழித்தலில் தப்பில்லை, அதில் நீ கெட்டிக்காரன். கணக்குக்கு அடியிலேயே தப்பு இருக்கிறது. அதைத் தப்பாக்கியது எங்கள் யூனிட் பெண்கள், அதிலும் முதல் ஆள் நான். முதலாளிகள் கூட்டத்தில் நீ வித்தியாசம் இல்லை என்று சொல்லிவிட்டால், ரூம் இருக்கிற யூனிட்டுகளிலும் மறுநாளே தொட்டிலை அவிழ்த்துவிட்டுத் துணி பேல்களை அடுக்கிவிடுவார்கள். அதற்கு முன்னால் நடந்தது உனக்குத் தெரிய வேண்டும்.

நீ இந்த ஆராய்ச்சியோடு ஊருக்கு வந்த நாள் நினைவிருக்கிறதா? நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். அடுப்படி வாசலில் நின்றுகொண்டு, நாடு வளர்கிறது, வருமானம் கூடுகிறது, ஆனாலும் பெண்கள் வேலைக்குப் போவது எதிர்பார்த்த அளவுக்கு வளரவில்லை, ஏன் என்றுதான் தேடுகிறேன் என்றாய். "இதத் தேட டில்லிக்குப் போயிப் படிக்கணுமாலே? பிள்ளைய யாரு பாப்பா?" என்று நான் கேட்டேன். நீ சிரித்தாய். அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் சொன்னால் போதாது, நிரூபிக்க வேண்டும் என்றாய். எனக்கு அப்போது சிரிப்பாக இருந்தது. வெயில் சுடும் என்பதற்கு ஒரு நிரூபணமா என்று நினைத்தேன். பிறகு யோசித்தால் நீ சொன்னதிலும் நியாயம் இருந்தது. முதலாளியிடம் நாங்கள் எத்தனையோ வருடமாகச் சொல்கிறோம், அது புலம்பலாகத்தான் அவர் காதில் விழுந்திருக்கிறது. நீ தாளில் கோடு போட்டுக் காட்டினால் விழும்.

உன்னை யார் பார்த்தார்கள் என்பது உனக்குத் தெரியும், ஆனால் இதுவரை யோசித்துப் பார்த்திருக்கிறாயா என்று தெரியவில்லை. நீ எட்டு மாதப் பிள்ளையாக இருக்கும்போது நான் பேண்டேஜ் மடிப்பு வேலைக்குத் திரும்பிவிட்டேன். உன் அப்பாவுக்கு மில்லில் ஷிப்டு. பகலில் அவர் தூங்குகிற வாரம், மெஷின் சத்தத்தில் பழகிய காதுக்கு உன் அழுகை கேட்காது. பக்கத்து வீட்டு பங்காரம்மாதான் உன்னை வாங்கி வைத்துக்கொள்வாள். தெலுங்கு பேசுகிற வீடு. நீ முதன்முதலில் பேசியதே தெலுங்குதான். தாகம் எடுத்தால் "நீள்ளு, நீள்ளு" என்பாய். உன் அப்பா மலைத்துப் போய், "என்னடி, இவன் நம்ம பிள்ளைதானா, இல்ல ஆஸ்பத்திரியில மாத்திக் குடுத்துட்டாங்களா?" என்றார். பங்காரம்மாவுக்கு நான் சம்பளம் தரவில்லை, அவளும் கேட்கவில்லை. அவள் வீட்டு விசேஷங்களுக்கு விடியற்காலையில் போய் அண்டா கழுவி, அடுப்பு மூட்டி நின்றேன். அவள் மகள் கல்யாணத்துக்கு மொய்யும் மற்றவர்களைவிடக் கூட வைத்தேன். நம் ஊரில் செய்முறை என்றால் அப்படித்தானே. ஒருவருக்கொருவர் வைப்பதும், அவர்கள் வீட்டுக் காரியம் வரும்போது திருப்பி வைப்பதும். அந்தப் பழக்கத்தில்தான் பின்னால் எனக்கு ஒரு யோசனை வந்தது.

இனி சீட்டுப் போட்ட கதைக்கு வருகிறேன். உன்னிடம் இருந்த பணத்துக்குப் பாதி யூனிட்டுகளில்தான் ரூமும் ஆயாவும் வைக்க முடியும், மீதிப் பாதியை ஒப்பிட்டுப் பார்க்க அப்படியே விட வேண்டும், யாருக்குக் கிடைக்கும் என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிச் சொல்லும் என்றாய். பெண்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "கம்ப்யூட்டர் உங்க கையில இருக்கு. சாமி முன்னால திருவுளச்சீட்டுப் போடுங்க, ஏத்துக்கிடுதோம்" என்றார்கள். உனக்கு ஒரே சந்தோஷம். ரெண்டும் ஒன்றுதான், எதேச்சையாக விழ வேண்டும், அவ்வளவுதான் என்றாய். என் யூனிட்டைச் சேர்க்க வேண்டாம் என்று நீ சொன்னதையும் அவர்கள் கேட்கவில்லை. மகன் நடத்துகிறான் என்பதற்காக எங்கள் வாய்ப்பு போக வேண்டுமா என்று சண்டைக்கு வந்தார்கள். யூனிட்டுக்கு ஒருத்தியாக ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினோம். ஆண்டாளைச் சேவித்துவிட்டு வெளி மண்டபத்தில் சீட்டுகளை மடித்துப் போட்டாய். பூக்கட்டி விற்கிற அம்மாள் ஒருத்தி வந்து எடுத்துக் கொடுத்தாள். என் யூனிட் வரவில்லை. திரும்பும் வழியில் நீ பால்கோவா வாங்கி எல்லோருக்கும் கொடுத்தாய். என்னைப் போலச் சீட்டு விழாதவர்களும் வாங்கித் தின்றார்கள், ஆனால் முகம் தொங்கிவிட்டது. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து காதோடு சொன்னாய்: "இனி உங்க யூனிட்ல எதையும் மாத்திராதீங்கம்மா. எப்படி இருக்கோ அப்படியே இருக்கணும். நீங்க சும்மா இருந்தாப் போதும்." சரி என்று தலையாட்டினேன். அன்று அதை நான் மனதாரத்தான் சொன்னேன்.

கம்ப்யூட்டரும் திருவுளச்சீட்டும் ஒன்று என்று நீ நினைத்தாய், நானும் நினைத்தேன். ஒன்றில்லை. கம்ப்யூட்டரில் விழாமல் போயிருந்தால் எங்கள் பெண்கள் உன்னை நாலு வார்த்தை திட்டிவிட்டு, மறுநாள் முதலாளியிடம் போய் நின்றிருப்பார்கள். சாமி முன்னால் விழாமல் போனதால் கேட்பதையே விட்டுவிட்டார்கள். முத்துலட்சுமி என்று வைத்துக்கொள், ஆளை உனக்குத் தெரியும், யூனிட்டுக்குப் பின்சந்தில் குடியிருக்கிறவள், மடிப்பில் அவள் கைக்கு ஈடு கிடையாது. அவள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்த மாமியார், மகள் பேறுகாலத்துக்கு என்று ஊருக்குப் போய்விட்டார். முத்துலட்சுமி என்னிடம் வந்து, "நாளையிலருந்து நான் வரல மதினி" என்றாள். முதலாளியிடம் ஒரு மூலையாவது கேட்போம் வா என்றேன். "ஆண்டாளே நமக்கு வேண்டாம்னுட்டா. பொறவு மனுசங்கிட்டப் போயி என்னத்தக் கேக்க?" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இந்த யூனிட்டுக்கு ரூம் இல்லன்னுதான் சீட்டு விழுந்துச்சு. பிள்ளையப் பாக்கக் கூடாதுன்னா விழுந்துச்சு?" என்றேன். அந்தக் கேள்விக்குப் பிறகு என்னாலும் சும்மா இருக்க முடியவில்லை.

நாங்கள் செய்தது இதுதான். முத்துலட்சுமி வீட்டு முன்னறையில் எல்லாப் பிள்ளைகளையும் விட்டோம். வாரத்துக்கு ஒருத்தி அங்கே இருந்து பார்த்துக்கொள்வாள். ஆனால் மடிப்பு வேலைக்குக் கட்டுக் கணக்கில்தானே கூலி, அங்கே உட்கார்ந்திருப்பவளுக்குக் கூலி எப்படி வரும்? அதற்குத்தான் மொய். தினமும் ஆளுக்கு ஒரு கட்டு, தான் மடித்ததில் எடுத்து அவள் மேசையில் வைத்துவிட வேண்டும். அடுத்த வாரம் இன்னொருத்தி முறை வரும், அவளுக்கு மற்றவர்கள் வைப்பார்கள். மொய்க் கட்டு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பிள்ளை இல்லாதவர்களும் வைத்தார்கள். "எம் மக பிள்ளை பெத்துக்கிட்டு வருவா, அப்பத் திருப்பி வைங்க" என்று ஒருத்தி சொன்னாள். நான் மாதச் சம்பளக்காரி, மடிக்க வேண்டியதில்லை. ஆனாலும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கட்டு மடித்து வைப்பேன். பின்சந்தில் இருந்தவளுக்கும் சூப்பர்வைசராக நானே வருகை போட்டேன். ஆகவே உன் கணக்கில் அவள் வேலைக்கு வந்திருக்கிறாள், துணி மடித்திருக்கிறாள். முத்துலட்சுமியும் நின்றுபோகவில்லை. உன் பார்வைக்கு எங்கள் யூனிட் எந்த வசதியும் இல்லாமலே பெண்கள் ஒழுங்காக வருகிற யூனிட். வசதியை நாங்கள் மறைத்து வைத்திருந்தோம்.

நீ அனுப்பிய பெண் பிள்ளைகள் கையில் டேப்லெட்டோடு வந்து கேட்டார்கள். வேலை நேரத்தில் உங்கள் குழந்தையை யார் பார்க்கிறார்கள்? எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: "சொந்தக்காரங்க பாத்துக்கிடுதாங்க." அந்தப் பிள்ளைகளும் உறவினர் என்று தட்டிக்கொண்டு போய்விட்டார்கள். உன்னை ஏமாற்ற வேண்டும் என்று சொன்னதில்லை ஐயா. கட்டை மாற்றி வைப்பது முதலாளிக்குத் தெரிந்தால் எல்லோருக்கும் சேர்த்து வேட்டு வைத்துவிடுவார், அந்தப் பயம். எங்களுக்குள் மதினி, அக்கா, சித்தி என்று கூப்பிட்டுக்கொள்கிறவர்கள்தானே, அது முழுப் பொய்யும் இல்லை என்று ஒரு சமாதானம். இது எங்கள் யூனிட்டோடு நின்றிருந்தால் உன் கணக்கு பெரிதாகக் கெட்டிருக்காது. டவுன் பஸ்ஸில் ஒருத்தி சொல்ல, சடங்கு வீட்டில் இன்னொருத்தி கேட்க, சீட்டு விழாத மற்ற யூனிட்டுகளிலும் மொய்க் கட்டு வந்துவிட்டது. ரூம் கிடைத்தவர்களுக்கு இது தேவைப்படவில்லை. இல்லாதவர்கள்தான் செய்தார்கள். அதனால்தான் உனக்கு இரண்டு பக்கமும் சமமாகத் தெரிகிறது.

இதைப் படித்ததும் நீ பெருமைப்படலாம், அல்லது தலையில் அடித்துக்கொள்ளலாம். பெருமைப்படுவதாக இருந்தால் கொஞ்சம் பொறு. முதலாளிகளும் பெருமைதான் படுவார்கள். பெண்களே பார்த்துக்கொள்கிறார்களே, பிறகு ரூம் எதற்கு என்பார்கள். உன் படிப்பாளி நண்பர்கள்கூட, ஏழைப் பெண்கள் எப்படியும் சமாளித்துவிடுகிறார்கள் என்று மெச்சி எழுதக்கூடும். அப்படி எழுத விடாதே. மொய்க்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எனக்கு இவ்வளவு நாள் ஆனது.

தேவதானத்திலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்த பேச்சியம்மாளை நீ பார்த்திருக்க மாட்டாய். நாற்று நட்டும் களை பறித்தும் வளர்ந்த பெண். புருஷன் விட்டுவிட்டுப் போனபின், இடுப்பில் பிள்ளையோடு எங்கள் யூனிட்டுக்கு வந்து சேர்ந்தாள். வளரும் நாட்டில் ஆட்கள் வயலை விட்டுத் தொழிற்சாலைக்கு வருவார்கள் என்று நீ சொல்வாயே, அப்படி வந்தவள். வயல் வேலை பார்த்துக் காய்த்த கை, பேண்டேஜ் துணியோ சல்லடை மாதிரி மெல்லிசு. நூல் பிரிந்துவிடும், மடித்ததை அவிழ்த்து மறுபடி மடிப்பாள். மற்றவர்கள் மடிப்பதில் கால்வாசி வந்தால் அதிகம். ஆளுக்கு ஒரு கட்டு என்று நாங்கள் வைத்தபோது எல்லோருக்கும் சமம் என்றுதான் நினைத்தோம். முத்துலட்சுமிக்கு அது செத்த நேர வேலை, பேச்சியம்மாளுக்கு அரைநாள் கூலி. முதலில் வைத்தாள். பிறகு ஒருநாள் வைத்து ஒருநாள் விட்டாள். அப்போதும் அவள் பிள்ளையை மற்றப் பிள்ளைகளோடு ஒன்றாகத்தான் பார்த்தார்கள். ஆனால் மொய் எல்லோருக்கும் மனப்பாடம். ஒருநாள் சாப்பிடும்போது முத்துலட்சுமி விளையாட்டாக, "ஏட்டி பேச்சி, உன் மொய் எம்புட்டு நிக்குன்னு தெரியுமா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பேச்சியம்மாளும் சிரித்துக்கொண்டேதான் கையைக் கழுவப் போனாள். அந்த வாரத்தோடு அவள் வேலைக்கு வரவில்லை.

மொய் வைக்க முடியாதவள் விசேஷ வீட்டுக்கு வர மாட்டாள். இது நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. பத்திரிகை வைத்தால் தலைவலி, ஊருக்குப் போகிறேன் என்று ஏதாவது சொல்லி நின்றுவிடுவாள். இத்தனை வீட்டு விசேஷம் பார்த்த எனக்கு அது அந்த நேரத்தில் தோன்றாமல் போனதுதான் என் மனதை அறுக்கிறது. யாரிடமும் கைநீட்டாமல் பிள்ளையை விட்டுவிட்டுப் போக ஓர் இடம் இருப்பது வேறு, நாலு பேர் தயவில் விட்டுவிட்டுப் போவது வேறு. பங்காரம்மா உன்னைப் பார்த்தபோது எனக்கும் அந்தக் கூச்சம் இருந்தது. அவள் மகள் கல்யாணத்துக்கு மொய் கூட வைத்தேன் என்றேனே, பாசத்தால் மட்டும் வைத்ததில்லை. திருப்பிக் கொடுக்க என்னிடம் தெம்பு இருந்தது, அதனால் நான் நிமிர்ந்து நடந்தேன். பேச்சியம்மாளிடம் அது இல்லை. உன் கணக்கில் அவளுக்கு நேரே, சொந்தக் காரணத்தால் வேலையை விட்டவர் என்று இருக்கும். கேட்ட பிள்ளையிடம் அப்படிச் சொன்னதும் நான்தான். அது சொந்தக் காரணம் இல்லை ஐயா.

இதை எழுதுவதற்கு முன் எங்கள் பெண்களிடம் கேட்டேன். முதலாளி காதுக்குப் போனால் என்ன ஆகும் என்று நிறையப் பேசினார்கள். கடைசியில் முத்துலட்சுமிதான், "சொல்லிருங்க மதினி. ரூம் கெடச்சவுக யூனிட்ல அதைப் பூட்டுனா அந்தப் பாவம் நமக்கு வேண்டாம். பேரு மட்டும் வரக் கூடாது" என்றாள். வருகை போட்டவள் நான் என்பதால் வேலை போனால் முதலில் என் வேலைதான் போகும். உன் அப்பாவிடம் சொன்னேன். "போனாப் போகுது, வீட்ல கெட. இம்புட்டு வருசம் நீ சும்மா இருந்து நான் பாத்ததில்ல, அதையும் பாத்துக்கிடுதேன்" என்றார். எனக்குச் சும்மா இருக்க ஆசையில்லை. அந்த மேசையும் அந்தப் பேச்சும் எனக்கு வேண்டும். இருந்தாலும் உன் பெயரில் ஒரு தப்பான சேதி இந்த ஊருக்குள் வருவதைவிட இது மேல்.

உனக்கும் நஷ்டம் பெரிது என்று எனக்குத் தெரியும். இரண்டு வருட உழைப்பு, அந்தக் கட்டுரையை நம்பி நீ காத்திருக்கிற பதவி உயர்வு எல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. கோபம் வந்தால் கோபப்படு. எதையும் மாற்றாதீர்கள் என்று சொன்னேனே என்று நீ கேட்டால், ஆமாம், மாற்றியது நான்தான். ஆனால் பக்கத்தில் பிள்ளை அழும்போது யாரும் எதையும் மாற்றாமல் இருப்பார்கள் என்று எண்ணி நீ ஒரு கணக்குப் போட்டாயே, அதை மட்டும் ஒருமுறை யோசித்துப் பார். ரூம் இருப்பதற்கும் இல்லாததற்கும் வித்தியாசம் உண்டு. எங்களுக்கு அது தேவையாக இருந்ததால்தான் கட்டுக் கொடுத்து வாங்கிக்கொண்டோம். கொடுக்க முடியாதவள் போய்விட்டாள். கூட்டத்தில் இதைச் சொல். கட்டுரை வருவது தாமதமானால் ஆகட்டும்.

நீ வருகிறபோது மதுரை பஸ்ஸில் வந்து ராஜபாளையத்தில் இறங்கு. வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுப் போகலாம் என்று சொல்லாதே. பஸ் ஸ்டாண்டிலேயே நான் நிற்பேன். அப்படியே தேவதானம் பஸ்ஸில் ஏறுவோம். பேச்சியம்மாள் இப்போது மறுபடி வயலில் நிற்கிறாள், பிள்ளை வரப்பில் விளையாடுகிறதாம். அவளிடம் நீ எதையும் கேட்க வேண்டாம். ஏன் போனாய் என்று நான் கேட்கிறேன். அவள் சொல்வதை எழுதிக்கொள்ள வேண்டியது உன் வேலை.


அம்மா